எண்ணே குலப்பெயர்

தரைப்படையில் ஒரு ரெஜிமெண்டு என்றால் அதற்குச் சொந்தமாக ஓர் ஊர் இருக்கும். அதில் சேருகிறவர்களின் தேசத்தையோ குலத்தையோ தெரிவிக்கும் ஒரு பெயர் இருக்கும். நீலகிரியில் வெலிங்டனுக்குப் போய் மதராஸ் ரெஜிமெண்டின் கேந்திரத்தைப் பார்க்கிறவர், 1758-ஆம் ஆண்டு முதல் தன் வமிசாவளியைக் கணக்கிட்டு வரும் ஒரு சேனை தன் பூர்வோத்தரத்தை எவ்வளவு பெருமிதத்தோடு போற்றி வருகிறது என்பதை நேரிலேயே கண்டுகொள்ளலாம். விமானப் படையின் ஸ்க்வாட்ரனுக்கு இந்தப் பாக்கியம் எதுவும் கிடையாது. இன்று ஓர் ஊரில் இருக்கும். நாளை உத்தரவு வந்தால் ஆயிரம் மைலுக்கு அப்பால் கூடாரம் அடித்திருக்கும். அதன் விமானிகள் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார்கள். அதன் விமானங்கள் ஒரு தலைமுறை கழிவதற்குள் பழைய இரும்பாகிவிடும். இடமும் மனிதரும் ஆயுதமும் இவ்வாறு ஓயாமல் மாறிக்கொண்டிருக்க, மாறாமல் எஞ்சி நிற்பது ஓர் எண்தான். அந்த எண்ணையே குலப்பெயராகக் கொண்டு ஒரு ஸ்க்வாட்ரன் தனக்கென ஒரு சரித்திரத்தையும் ஒரு குணத்தையும் எப்படிச் சம்பாதித்துக்கொள்கிறது என்பதை ஆராய்வதற்கு, இந்திய விமானப் படையின் முதலாவது ஸ்க்வாட்ரனைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் இல்லை.

இந்த ஏற்பாடு பிரிட்டனிலிருந்து வந்தது. 1912-இல் அங்கே தரைப்படையின் ஓர் அங்கமாகத் தோன்றிய பறக்கும் படை, கடற்படையின் விமானப் பகுதியோடு 1918 ஏப்ரல் 1-ஆம் தேதி ஒன்றாக்கப்பட்டு ராயல் விமானப் படை என்ற தனிச் சேனையாயிற்று. அதில் ஸ்க்வாட்ரன் என்பது ஏறக்குறைய ஒரு டஜன் முதல் பதினெட்டு வரை விமானங்களும், அவற்றை ஓட்டுகிறவர்களும், அவர்களைப்போல் பல மடங்கு எண்ணிக்கையில் தரையில் நின்று எஞ்ஜினையும் ஆயுதத்தையும் கம்பியில்லாத் தந்தியையும் பராமரிக்கிறவர்களும் சேர்ந்து, பிறர் தயவின்றித் தானே இயங்கக்கூடிய ஒரு குடும்பம். அதற்குள் ஏ, பி, சி என்று அடையாளமிட்ட சிறு பிரிவுகள் உண்டு. அவற்றுக்கு பிளைட் என்று பெயர். எதிரி விமானத்தைத் துரத்துவது, குண்டு போடுவது, மேலிருந்து நோட்டம் பார்ப்பது, ஆளையும் அரிசியையும் ஏற்றிச் செல்வது என்று ஒவ்வொரு ஸ்க்வாட்ரனுக்கும் ஒரு பணி வகுத்துத் தரப்படும். பணியை வகுப்பது மேலிடத்தின் அதிகாரம். அது காலத்துக்குக் காலம் மாறும். ஆனால் அந்தப் பணியை எவ்விதமாகச் செய்தார்கள் என்பதிலிருந்து விளையும் குணம் ஸ்க்வாட்ரனுக்குள்ளேயே பிறப்பது. எந்த மேலிடத்தாலும் அதை உத்தரவிட்டு வருவிக்க முடியாது.

முதல் உலக யுத்தத்திலேயே இந்தியர் சிலர் பிரிட்டிஷ் ஸ்க்வாட்ரன்களில் பறந்திருக்கிறார்கள். வங்காளத்து இளைஞரான இந்திர லால் ராய், 40-ஆம் ஸ்க்வாட்ரனில் சேர்ந்து, 1918 ஜூலை மாதத்தில் இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகளை அடைந்து, அதே மாதம் 22-ஆம் தேதி பத்தொன்பது வயதில் பிரான்ஸ் தேசத்து ஆகாயத்தில் உயிர் துறந்தார். ஆனாலும் யுத்தம் முடிந்தபின் இந்தியருக்கு ஆகாயத்தில் இடம் இல்லை என்றே ஆயிற்று. ராணுவ அதிகாரப் பதவிகளில் இந்தியரைச் சேர்ப்பது குறித்து 1925-இல் நியமிக்கப்பட்ட ஸ்கீன் கமிட்டி, மோதிலால் நேருவும் ஜின்னாவும் அங்கம் வகித்த அந்தச் சபை, மற்றச் சிபாரிசுகளோடு கிரான்வெல் விமானக் கல்லூரிக்கு இந்திய மாணவர்களை அனுப்ப வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. அதன் பலனாக 1930-இல் ஹரீஷ் சந்திர சர்க்கார், சுப்ரதோ முகர்ஜி, பூபேந்திர சிங், ஐசாத் பக்ஷ் அவான், அமர்ஜீத் சிங் என்ற ஐவர் விமானிகளாவதற்கும், டாண்டன் என்ற ஒருவர் தளவாட அதிகாரியாவதற்கும் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். 1932 அக்டோபர் 8-ஆம் தேதி இந்திய விமானப் படைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் ஒரு சேனை பிறந்துவிட்டது. தரையில் நிறுத்திக் காட்ட ஒரு விமானம்கூட அதனிடம் அப்போது இல்லை.

1933 ஏப்ரல் 1-ஆம் தேதி கராச்சிக்கு அருகே டிரிக் ரோடு விமான நிலையத்தில் முதலாவது ஸ்க்வாட்ரனின் 'ஏ' பிளைட் உருவாயிற்று. நான்கு வாபிட்டி விமானங்கள், ஆறு அதிகாரிகள், ஹவாய் சிப்பாய்கள் என்று அழைக்கப்பட்ட பத்தொன்பது விமானப் படைச் சிப்பாய்கள்: ஒரு கல்யாண வீட்டுப் பந்தியின் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடக்கூடிய இந்தச் சிறு கூட்டம்தான் அன்று இந்திய விமானப் படை முழுவதும். தலைவராக நின்று பழக்கியவர் ஸெஸில் பூஷியர் என்ற ஆங்கிலேய அதிகாரி. இவர்கள் வெற்றிபெற வேண்டும் என்று விரும்பியவர்களைவிட, இயந்திரமும் இந்தியரும் ஒத்துவரமாட்டார்கள் என்று காட்டிவிட ஒரு தவறு நேராதா என்று காத்திருந்தவர்களே அக்காலத்து அதிகார வர்க்கத்தில் அதிகம். அந்த முதல் வருஷத்திலேயே ஐந்து விமானிகளில் இருவர், பூபேந்திர சிங்கும் அமர்ஜீத் சிங்கும், விமான விபத்தில் மாண்டுபோனார்கள். மிஞ்சியவர்கள் அந்தத் துக்கத்தையும், மேலே கிடந்த அவநம்பிக்கையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு பறக்க வேண்டியிருந்தது.

வாபிட்டி ஒரு பெருமைப்படத்தக்க விமானம் அன்று. முதல் யுத்தத்துக்காகச் செய்து குவித்து மிஞ்சிக் கிடந்த விமானங்களின் உதிரிப் பாகங்களை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற சிக்கன புத்தியில் உருவான இரட்டைச் சிறகு விமானம் அது. முன்னே விமானியும் பின்னே துப்பாக்கிக்காரரும் திறந்த குழிகளில் உட்கார்ந்து, எல்லைப்புறத்து வெயிலையும் பனிக்காற்றையும் முகத்திலேயே வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்கு விதித்த பணி தரைப்படைக்கு ஒத்தாசை. அதாவது மலைக் கணவாயில் ஊர்ந்து போகும் துருப்புகளுக்கு முன்னால் பறந்து, அடுத்த முகட்டுக்குப் பின்னால் யார் பதுங்கியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது.

சொல்வது என்றால் எப்படி என்பது இக்காலத்தாருக்கு வியப்பாக இருக்கும். கீழே இருக்கும் துருப்புகள் தரையில் வெள்ளைத் துணிப் பட்டைகளை விரித்து, அவற்றை மாற்றி மாற்றி வைத்துத் தங்கள் தேவையைச் சங்கேதமாக எழுதுவார்கள். மேலே இருப்பவர் ஒரு காகிதத்தில் பதிலெழுதி, வர்ண நாடா வாலாகத் தொங்கும் சிறு பையில் வைத்துக் கீழே போடுவார். தரையிலிருந்து கடிதம் மேலே போக வேண்டுமானால், இரண்டு கழிகளை நட்டு, நடுவே கயிற்றைக் கட்டி, அந்தக் கயிற்றில் கடிதப் பையைத் தொங்க விடுவார்கள். விமானி அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட கொக்கியை இறக்கிவிட்டு, கழிகளுக்கு இடையே தரையை உரசுவதுபோல் தாழப் பறந்து, அந்தக் கயிற்றைக் கொத்திக்கொண்டு மேலே ஏறிவிட வேண்டும். சற்று உயரப் போனால் கயிறு அகப்படாது; சற்றுத் தாழ்ந்தால் விமானமே மிஞ்சாது. இந்த அப்பியாசத்தில் தேறியவர்களே பின்னாளில் இந்தியாவின் முதல் விமானத் தளகர்த்தர்கள் ஆனார்கள்.

1930-களின் பிற்பகுதியில் வஜீரிஸ்தானத்துச் சண்டைகளில் இந்த ஸ்க்வாட்ரன் ஈடுபடுத்தப்பட்டது. ஆப்கன் எல்லைக்கு அருகே மீரான்ஷா கோட்டையே அதன் முன்னணித் தளம். இபி பக்கீர் என்று பெயர்பெற்ற மிர்ஜா அலி கான் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளப்பிய கலகத்தை அடக்குவது அப்போதைய காரியம். ஒரு கிராமத்தின்மேல் குண்டு போடுவதற்கு முன் எச்சரிக்கைத் துண்டுப் பிரசுரங்களை மேலிருந்து தூவி, ஜனங்கள் விலகிப்போக அவகாசம் கொடுத்து, பிறகு வீடுகளைத் தகர்ப்பது அக்காலத்து முறை. எச்சரிக்கை கொடுத்த பிறகு செய்தாலும் வீட்டை இடிப்பது வீட்டை இடிப்பதுதான். தன் தேசமே அந்நியர் கையில் இருக்கும்போது, அந்த அந்நியருக்காக இன்னொரு சுதந்திரப் பிரியமுள்ள ஜனங்களின்மேல் பறக்க நேர்ந்த நிலையை முதலாவது ஸ்க்வாட்ரனின் சரித்திரத்திலிருந்து மறைத்துவிடுவது நேர்மையாகாது. விதிக்கப்பட்ட பணி எத்தகையதாயினும் அதை நிறைவேற்றிக் காட்டினால்தான் அடுத்த இந்தியனுக்கு ஆகாயத்தில் இடம் கிடைக்கும் என்ற நிர்ப்பந்தம் அவர்களுக்கு இருந்தது.

அந்த எல்லைப்புறத்திலேயே 1940-இல் நடந்த ஒரு சம்பவம் இந்த ஸ்க்வாட்ரனின் குணத்தை நன்கு விளக்கும். மலைக்காவல் நிலையம் ஒன்றைப் பதான்கள் வளைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த துருப்புகள் தோட்டா தீர்ந்துவிட்டது என்று துணிப் பட்டைகளால் தெரிவித்தார்கள். மேலே பறந்துகொண்டிருந்தவர் சுப்ரதோ முகர்ஜி. தோட்டா கொண்டுவரத் தளத்துக்குத் திரும்பிப் போனால், வருவதற்குள் கீழே எவரும் மிஞ்சமாட்டார்கள். அவர் தம் துப்பாக்கிக்காரரைக்கொண்டு விமானத்துத் துப்பாக்கிக்கென்று வைத்திருந்த தோட்டாக்களையே கழற்றச் செய்து, அவற்றை இருவருடைய காலுறைகளிலும் நிரப்பி, தாழப் பறந்து காவல் நிலையத்துக்குள் போட்டுவிட்டார். இத்தகைய உபாயத்துக்கு எந்தக் கையேட்டிலும் இடம் இல்லை. கொடுத்த பணியை அதன் அக்ஷரத்தோடு நிறுத்தாமல், கீழே தவிக்கிறவனின் நிலையில் தன்னை வைத்துப் பார்த்துச் செய்வது என்ற வழக்கம், இப்படிப்பட்ட பிற்பகல்களில்தான் ஒரு ஸ்க்வாட்ரனுக்குள் ஊறுகிறது. அதற்கு முந்திய வருஷமே முகர்ஜி அந்த ஸ்க்வாட்ரனின் முதல் இந்தியத் தலைவராகியிருந்தார்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது இந்திய விமானப் படைக்கு இருந்தது இந்த ஒரே ஸ்க்வாட்ரன். நீண்ட கடற்கரையை யார் பார்ப்பது என்ற கேள்வி எழவே, சிவில் விமானிகளிலிருந்து தொண்டர்களைத் திரட்டி, கரையோரக் காவல் பிளைட்டுகள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றில் முதல் எண் சென்னைக்குக் கிடைத்தது. பரங்கிமலையை இருப்பிடமாகக் கொண்டு அது வேலை செய்தது. பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களுக்கும் அவ்வாறே ஒவ்வொன்று. எல்லைப்புற மலைகளில் உபயோகித்து ஓய்ந்த வாபிட்டிகளே சமுத்திரத்துக்கும் வந்தன. ஒற்றை எஞ்ஜின் நின்றால் கடலைத் தவிர இறங்க இடமில்லாத நிலையில், கப்பல் கூட்டங்களுக்குத் துணையாகப் பறப்பதும் நீர்மூழ்கிகளைத் தேடுவதும் அவற்றின் பணியாயிற்று. 1942-இல் அவை கலைக்கப்பட்டன. அவற்றில் பழகிய விமானிகள் புதிய ஸ்க்வாட்ரன்களுக்குப் போனார்கள்.

இதற்கிடையே முதலாவது ஸ்க்வாட்ரனுக்கு லைஸாண்டர் என்ற புதிய விமானங்கள் வந்து சேர்ந்தன. பம்பாய் ஜனங்களின் யுத்த நிதி வாங்கிக் கொடுத்தவை அவை. இவையும் நோட்டத்துக்கும் தூதுக்குமே ஏற்பட்டவை. சண்டைக்கு ஏற்றவை அல்ல. கரூண் கிருஷ்ண மஜும்தாரின் தலைமையில் 1942 பிப்ரவரித் தொடக்கத்தில் ஸ்க்வாட்ரன் பர்மாவில் டௌங்கூ விமான நிலையத்தில் இருந்தபோது, ஜப்பானியர் அந்த நிலையத்தின்மேல் குண்டு மாரி பொழிந்தார்கள். மஜும்தார் தம் மனிதர்களை ஒன்றுகூட்டித் தேறுதல் சொல்லிக்கொண்டு இருக்கவில்லை. மறுநாளே தம் லைஸாண்டரில் 250 ராத்தல் எடையுள்ள இரண்டு குண்டுகளை மாட்டிக்கொண்டு, சயாம் எல்லைக்குள் மே ஹாங் ஸானில் இருந்த எதிரியின் விமானத் தளத்துக்குத் தாமே போய், அங்கிருந்த கொட்டகையைத் தகர்த்துவிட்டு வந்தார். அதற்கடுத்த நாள் ஸ்க்வாட்ரன் முழுவதையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் போனார்.

நோட்டம் பார்க்கும் விமானத்தைக் குண்டு போடும் விமானமாக மாற்றியதில் ஹர்ஜிந்தர் சிங் என்ற தொழில்நுட்பத் தலைவரின் பங்கு பெரிது. லாகூரில் என்ஜினீயரிங் கற்றுவிட்டு, பட்டதாரியின் மதிப்பைப் பாராட்டாமல் ஹவாய் சிப்பாயாகச் சேர்ந்து, அதிகாரிகளின் ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டு உழைத்தவர். பிற்காலத்தில் ஏர் வைஸ் மார்ஷலாகிக் கான்பூரில் விமானத் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்ட இவரைப் போன்றவர்களை விட்டுவிட்டு, விமானிகளின் பெயரை மாத்திரம் அடுக்குகிற ஸ்க்வாட்ரன் சரித்திரம் பாதிச் சரித்திரமே. மஜும்தாருக்கு அந்த யுத்தத்தில் இந்திய விமானப் படையின் முதல் டி.எப்.சி. என்ற விமான வீரப் பதக்கம் கிடைத்தது. 1945 பிப்ரவரியில் லாகூரில் சாகசப் பறத்தல் காட்டும்போது அவர் விபத்தில் காலமானார்.

பர்மாவிலிருந்து திரும்பியபின் ஸ்க்வாட்ரன் ஹரிக்கேன் விமானங்களைப் பெற்றது. 1944 பிப்ரவரியில் அர்ஜன் சிங்கின் தலைமையில் இம்பால் போய்ச் சேர்ந்தது. மார்ச் கடைசியில் ஜப்பானியர் கோஹிமா சாலையைத் துண்டித்து, ஜூன் 22-ஆம் தேதி வரை இம்பால் சமவெளியை முற்றுகைக்குள் வைத்திருந்தார்கள். அரிசியும் மருந்தும் ஆகாய மார்க்கமாகவே வரவேண்டியிருந்த அந்தக் காலம் முழுவதும் ஸ்க்வாட்ரன் முற்றுகைக்கு உள்ளேயே இருந்தது. ஹரிக்கேன்கள் ஜோடி ஜோடியாகப் போகும். முன்னே போகிறவர் மர உச்சிகளை ஒட்டித் தாழப் பறந்து, கண்ணைத் தரையை விட்டு எடுக்காமல், நேற்று இல்லாத ஒரு சக்கரத் தடம், வாடிய தழை மூடிய ஒரு லாரி, பாலம் இல்லாத ஓடையின் கரையில் மிதிபட்ட சேறு என்று ஒவ்வொன்றையும் தேடுவார். பின்னே வருகிறவர் அவருக்கு மேலும் பக்கத்திலுமாக வளைந்து வளைந்து பறந்து, ஆகாயத்தில் எதிரி வருகிறானா என்று பார்ப்பார். ஒருவர் கண் தரைக்கு, ஒருவர் கண் வானத்துக்கு. முன்னவர் தம் உயிரைப் பின்னவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கீழே பார்க்க முடியும். அர்ஜன் சிங்குக்கு மவுண்ட்பேட்டன் போர்க்களத்துக்கே வந்து டி.எப்.சி. பதக்கத்தைத் தம் கையால் அணிவித்தார்.

அந்த முற்றுகைக்கு வெளியே ஜப்பானியரோடு சேர்ந்து நின்றது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாகச் சேர்ந்திருந்த படை அது. ஒரே தேசத்தின் விடுதலையை இரண்டு வேறு வழிகளில் எதிர்பார்த்திருந்த மக்கள், அந்த மலைகளின் இரு பக்கத்திலும் அன்று எதிரெதிரே இருந்தார்கள். இந்த முரண்பாட்டுக்கு எந்த ஸ்க்வாட்ரனின் தினசரிக் குறிப்பிலும் சமாதானம் கிடைக்காது. தேசத்தின் சரித்திரத்தில்தான் அதைத் தேட வேண்டும்.

யுத்தம் முடிந்தபோது படையில் ஒன்பது ஸ்க்வாட்ரன்களும் ஏறத்தாழ 28,500 பேரும் இருந்தார்கள். 1945 மார்ச்சில் 'ராயல்' என்ற அடைமொழியும் வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் தேசம் இரண்டாயிற்று. வீட்டுப் பாத்திரங்களைப் பிரிப்பதுபோல் ஸ்க்வாட்ரன்களும் பிரிக்கப்பட்டன. முதலாவது ஸ்க்வாட்ரனின் தளமும் சாதனங்களும் பாகிஸ்தானின் பங்கில் விழுந்தன. எண் மாத்திரம் இந்தியாவிடம் தங்கிற்று. ஆளும் இல்லை, விமானமும் இல்லை, ஓர் எண் இருக்கிறது என்ற விசித்திரமான நிலை. ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் எதிர்ப் படைகளின் தலைவர்களானார்கள். பர்மாவில் 9-ஆம் ஸ்க்வாட்ரனுக்குத் தலைமை தாங்கிய அஸ்கர் கான், பாகிஸ்தான் விமானப் படையின் முதல் சுதேசித் தளகர்த்தரானார். 1965 ஏப்ரலில் கட்ச் பாலையில் சண்டை மூண்டபோது, அவர் பழைய சிநேக உரிமையோடு, இந்திய விமானப் படையின் தலைவராயிருந்த அர்ஜன் சிங்குக்குத் தொலைபேசியில் பேசி, இரு தரப்பும் விமானங்களைச் சண்டையில் இறக்காமல் தரைச் சண்டையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற இணக்கத்துக்கு வந்தார் என்பது பிரசித்தம்.

முதலாவது எண் உறங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், காஷ்மீர் யுத்தத்தில் விமானப் படையின் மிகக் கடினமான பணி ஒரு சரக்கு ஸ்க்வாட்ரனின் தோளில் விழுந்தது. 12-ஆம் ஸ்க்வாட்ரனின் டகோட்டாக்கள் 1947 அக்டோபர் 27-ஆம் தேதி விடியற்காலையில் டில்லியிலிருந்து சீக்கிய ரெஜிமெண்டின் துருப்புகளை ஏற்றிக்கொண்டு, ஸ்ரீநகர் விமான நிலையம் யார் கையில் இருக்கிறது என்பதுகூட நிச்சயமில்லாத நிலையில் அங்கே போய் இறங்கின. சிவில் கம்பெனிகளின் டகோட்டாக்களும் உடன் சேர்ந்துகொண்டன. போர் விமானம் எட்டாத இடத்தில் இந்த மூட்டை சுமக்கும் விமானங்களின் கதவைத் திறந்து, குண்டுகளைக் கையால் உருட்டிவிட்டதும் உண்டு. பர்மாவில் 6-ஆம் ஸ்க்வாட்ரனை நடத்திப் புகழ்பெற்ற மெஹர் சிங், 1948 மே 24-ஆம் தேதி ஜெனரல் திம்மையாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வழிகாட்டும் படமோ பிராணவாயு வசதியோ சரிவர இல்லாமல், இமயத்தின் பனிச் சிகரங்களுக்கு இடையே புகுந்து, பதினோராயிரம் அடிக்கு மேல் லடாக்கின் லே நகரத்து மணற்பரப்பில் டகோட்டாவை இறக்கினார். சண்டை விமானிக்கு உரியதாக நினைக்கப்படும் வீரத்துக்கு, சாமான் விமானம் எவ்விதத்திலும் இளைத்ததன்று என்பதை லடாக்கு அன்று நிரூபித்தது.

1953 ஜனவரி 26-ஆம் தேதி, 15-ஆம் ஸ்க்வாட்ரனுக்குப் பெயர் மாற்றி, அதையே முதலாவது ஸ்க்வாட்ரன் என்று அறிவித்தார்கள். உறங்கிய எண் ஐந்தரை வருஷத்துக்குப் பின் விழித்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி, 'ஏ' பிளைட் பிறந்து சரியாக இருபத்தோராவது ஆண்டு நிறைவில், அந்த ஐவரில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி இந்திய விமானப் படையின் முதல் இந்தியத் தளகர்த்தர் ஆனார். புதிய மனிதர்கள் பழைய எண்ணை வாங்கிக்கொண்டது வெறும் அலங்காரம் என்று எண்ணுகிறவர்களுக்கு, 1965 செப்டம்பர் 7-ஆம் தேதி பதில் சொல்லிற்று. அன்று விடியலில் முதலாவது ஸ்க்வாட்ரன் மிஸ்டேர் விமானங்களில் ஆதம்பூரிலிருந்து புறப்பட்டு, பாகிஸ்தானின் பலமான விமானத் தளமான ஸர்கோதாவைத் தாக்கப் போயிற்று. அதில் குடகு தேசத்து ஸ்க்வாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா ஒருவர். மற்றவர்கள் திரும்பினார்கள்; அவர் வரவில்லை. காணாமல் போனவர் என்று எழுதி ஏட்டை மூடிவிட்டார்கள். பதினான்கு வருஷங்களுக்குப் பின், ஜான் பிரிக்கர் என்ற ஆங்கிலேயர் அந்த யுத்தத்தைப் பாகிஸ்தான் தரப்பிலிருந்து எழுதிய புத்தகத்தில்தான் உண்மை தெரிந்தது. வேகத்தில் மிஸ்டேரை வெகுதூரம் மிஞ்சிய ஸ்டார்பைட்டர் விமானம் ஒன்று தம்மை அடித்துச் சேதப்படுத்திய பின்பும் தேவய்யா ஓடிவிடாமல், அடிபட்ட விமானத்தைத் திருப்பி அதை எதிர்த்துச் சண்டையிட்டு வீழ்த்தியிருக்கிறார். 1988-இல், இருபத்துமூன்று வருஷங்களுக்குப் பின், அவருக்கு மகாவீர சக்கரம் வழங்கப்பட்டது. அவர் செயலுக்குச் சாட்சி அளித்தது எதிரியின் ஏடு என்பது யுத்த சரித்திரத்தில் அபூர்வமான நியாயம்.

எண்களை உறங்க வைப்பதும் எழுப்புவதும் இன்றும் நடக்கிற சம்பிரதாயம். தமிழ்நாட்டிலேயே அதைக் காணலாம். ஸ்ரீநகரில் 1971 டிசம்பர் 14-ஆம் தேதி தனி ஒருவராக எதிரி விமானங்களை எதிர்த்து நின்று மடிந்து, விமானப் படையில் பரம்வீர சக்கரம் பெற்ற ஒரே வீரரான நிர்மல்ஜித் சிங் சேகோனின் 18-ஆம் ஸ்க்வாட்ரன், 2016-இல் உறங்கிப்போய், 2020 மே மாதத்தில் கோயமுத்தூருக்கு அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களோடு எழுந்தது. வடகிழக்கில் ஹாசிமாராவிலிருந்து தரைத் தாக்குதலுக்கு மிக் விமானங்களில் பறந்து 2011-இல் ஓய்ந்த 222-ஆம் ஸ்க்வாட்ரன், 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் சுகோய் விமானங்களோடும் பிரம்மோஸ் ஏவுகணைகளோடும் புத்துயிர் பெற்று, இந்து மகாசமுத்திரத்தைக் காக்கும் பணியை ஏற்றது. மலையடிவாரத்தில் இருந்த எண் கடலோரத்துக்கு வந்துவிட்டது. பணி தலைகீழாக மாறிவிட்டது. குவாலியரில் மிராஜ் விமானங்களோடு இருக்கும் முதலாவது ஸ்க்வாட்ரனில், கயிற்றைக் கொக்கியால் கொத்திய வாபிட்டி விமானியின் வித்தையில் எதுவும் இன்று எவருக்கும் தேவைப்படாது.

ஆகையால் ஒரு விமான அணியின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர், அது எந்த விமானத்தை எந்த வருஷம் பெற்றது என்ற பட்டியலோடு நின்றுவிட்டால், துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களின் கணக்கை அந்த ஊரின் சரித்திரம் என்று சொல்பவராகிவிடுவார். அதற்கு இட்ட பணி என்ன, இட்டவர் யார், அந்தப் பணி நியாயமானதா, அதைச் செய்தவர்கள் விதித்ததற்கு மேல் என்ன செய்தார்கள், தரையில் நின்று அதைச் சாத்தியமாக்கியவர்கள் யார் என்ற கேள்விகளே முக்கியமானவை. வஜீரிஸ்தானத்துக் காலுறையும், டௌங்கூவின் குண்டும், இம்பாலில் ஒருவர் கண்ணை ஒருவர் நம்பிய ஜோடியும், ஸர்கோதாவில் எதிரியை நோக்கித் திரும்பிய ஒற்றை விமானமும் நான்கு வேறு களங்களில், வேறு வேறு அரசியல் நிலைகளில் நிகழ்ந்தவை. அவற்றைச் செய்தவர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்திராமலும் இருக்கலாம். அவற்றை ஒரு நூலில் கோத்துக் காட்டுவது ஓர் எண்தான். புதிதாக வரும் இளம் விமானியிடம், உனக்கு முன்னே இந்த எண்ணின் கீழ் பறந்தவர்கள் இப்படி நடந்துகொண்டார்கள் என்று மூத்தவர் ஒருவர் சொல்ல முடிகிறது என்பதற்காகவே, பல பத்து வருஷத்துப் பழைய எண்களை விமானப் படை விட்டுவிடாமல் வைத்திருக்கிறது.